இருட்டைப் படம் எடுக்கிற வேலை

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் காலையில் நடக்கிற எங்கள் நால்வர் கூட்டத்தில் ஒருவர் வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர் என்பதால் எனக்கு அண்ணாச்சி. அவருடைய பேத்தி லண்டனில் பிறந்து வளர்ந்தவள். இயற்பியலில் முதுகலை முடித்திருக்கிறாள். நெதர்லாந்தில் நூர்ட்வைக் என்ற கடற்கரை ஊரில் ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. போன வாரம் அங்கே அவளுக்குப் பட்டதாரிப் பயிற்சியாளராக இடம் கிடைத்தது. ஓராண்டு வேலை, தேவைப்பட்டால் இன்னும் ஓராண்டு நீட்டிப்பார்கள். (பிரிட்டன் ஐரோப்பிய யூனியனைவிட்டு வெளியேறினாலும் இந்த அமைப்பில் உறுப்பினராகத்தான் இருக்கிறது. அதனால்தான் அவளால் விண்ணப்பிக்க முடிந்தது.) நான் அல்வாவை எதிர்பார்த்துப் போனேன். அண்ணாச்சி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"என்ன வேலைன்னு கேட்டேன் தம்பி. டெஸ்டிங்காம்! கேமராவுல போடுத சில்லை இருட்டு ரூம்ல வச்சு டெஸ்ட் பண்ணணுமாம். மிச்ச நேரம் கம்ப்யூட்டர்ல சிமுலேஷனாம். அதுவும் ட்ரெயினி. இதுக்கா இவ்வளவு படிப்பு?"

கூட வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இன்னும் ஒரு படி மேலே போனார். "இப்பதான் எல்லாத்தையும் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுச் சொல்லிருதே. பெறவு டெஸ்ட் எதுக்கு?"

எனக்கு நடந்துகொண்டே பேசினால் மூச்சு வாங்கும். அன்றைக்குச் சும்மா இருந்துவிட்டேன். மூன்று நாளாக மனசு ஆறவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அண்ணாச்சி கோபித்துக்கொண்டாலும் சரி.

முதலில் அந்தச் சில்லு என்னவென்று சொல்லிவிடுகிறேன். சிசிடி என்று பெயர். 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பாயில், ஸ்மித் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். 2009-ல் நோபல் பரிசு பெற்றார்கள். வீட்டுக்குத் தளம் போடுகிற நாளை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே கலவை மெஷின். சாரத்தில் வரிசையாக ஆட்கள். கையிலிருக்கும் சட்டியை மேலே இருப்பவரிடம் கொடுத்துவிட்டு, கீழே இருப்பவரிடமிருந்து அடுத்ததை வாங்குகிறார்கள். சிசிடியிலும் இதுதான் நடக்கிறது. ஒளி விழுந்தால் ஒவ்வொரு பிக்சலிலும் எலக்ட்ரான்கள் சேரும். சேர்ந்ததை அங்கேயே எண்ண முடியாது. ஒரு பிக்சலிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று கைமாற்றி, ஓரத்திலிருக்கும் ஒரே ஓர் அளவுகருவிக்குக் கொண்டுபோக வேண்டும். தூரத்துப் பிக்சலில் சேர்ந்த எலக்ட்ரான் நாலாயிரம் முறை கைமாற வேண்டியிருக்கும்.

அந்த வரிசையில் ஒருத்தர் திருட்டுக் கையாக இருந்தால்? ஒவ்வொரு சட்டியிலும் ஒரு பிடி எடுத்து வைத்துக்கொண்டு, அதைப் பின்னால் வரும் சட்டியில் போட்டால்? முதல் சட்டி குறையும், பின்னால் வருகிற காலிச் சட்டியில் இல்லாத கலவை வந்து சேரும். விண்வெளியில் பறக்கும் புரோட்டான்கள் சிலிக்கானில் மோதி அணுக்களை இடம்பெயர்த்து இப்படிப்பட்ட திருட்டுக் கைகளை உண்டாக்குகின்றன. ஒவ்வொரு கைமாறலிலும் லட்சத்தில் ஒரு பங்குதான் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். நாலாயிரம் முறை கைமாறினால் நூற்றுக்கு நான்கு போய்விடும். நட்சத்திரத்தின் ஒளி குறைந்ததாகத் தெரியும், அதன் பின்னால் ஒரு வால் முளைக்கும், அதன் இடமே நகர்ந்தது போலக் காட்டும். இதை ஒருவர் அளந்து சொல்லவில்லை என்றால், வானியல் அறிஞர் அந்த வாலைப் பார்த்து ஏதாவது கோட்பாடு எழுதிக்கொண்டிருப்பார்.

பேத்தி அளக்கப்போவது இதைத்தான். அளக்கிற முறையையும் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். இரும்பு-55 என்று ஒரு கதிரியக்கப் பொருள் உண்டு. அதிலிருந்து வரும் எக்ஸ் கதிர் ஒன்று சிலிக்கானில் விழுந்தால் சுமார் 1,600 எலக்ட்ரான்கள் விடுபடும். எங்கே விழுந்தாலும் அதே அளவுதான். முத்திரை போட்ட எடைக்கல் மாதிரி. அளவுகருவிக்குப் பக்கத்துப் பிக்சலில் விழுந்தது 1,600 ஆக வந்து, தூரத்தில் விழுந்தது 1,540 ஆக வந்தால் வழியில் எவ்வளவு திருட்டுப் போயிற்று என்று தெரிந்துவிடும். சில்லை வெற்றிடக் கலத்தில் வைத்துத் திரவ நைட்ரஜன் விட்டுக் குளிர வைத்து, ஆயிரக்கணக்கான படம் எடுத்து, வெப்பநிலையை மாற்றி மறுபடி எடுத்து, புரோட்டான் கற்றையில் காட்டிச் சேதப்படுத்திய சில்லில் மறுபடி எடுத்து... இதைத்தான் அண்ணாச்சி "டெஸ்டிங்காம்" என்று இழுக்கிறார்.

நானும் ட்ரெயினியாகத்தான் தொடங்கினேன். எண்பதுகளின் தொடக்கத்தில், வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில். பெயர் வேண்டாம். அப்போது எங்கள் கையில் இருந்தது ஒரே வரிசையில் 2,048 பிக்சல் உள்ள நேர்கோட்டுச் சில்லு. எனக்குக் கொடுத்த முதல் வேலை இருட்டைப் படம் எடுப்பது. ஆமாம், மூடி போட்டு, ஒளியே இல்லாமல் படம் எடுக்க வேண்டும். ஒளி இல்லாவிட்டாலும் வெப்பத்தால் கொஞ்சம் எலக்ட்ரான்கள் தாமாகவே கிளம்பும். அது எவ்வளவு என்று தெரிந்தால்தான் பிறகு நிஜப் படத்திலிருந்து கழிக்க முடியும். ஏழெட்டு டிகிரி குளிர வைத்தால் ஏறக்குறையப் பாதியாகும் என்று புத்தகம் சொன்னது. என் சில்லு கேட்கவில்லை. எவ்வளவு குளிர வைத்தாலும் ஓர் அளவுக்குக் கீழே இறங்க மறுத்தது. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஏதோ புது விளைவைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றுகூட ஒரு நினைப்பு. ஊருக்கு அப்பாவுக்குக் கடிதமே எழுதிவிட்டேன்.

அங்கே ஒரு மலையாளி டெக்னீஷியன் இருந்தார். வெற்றிடக் கலம் முழுக்க அவர் பொறுப்பு. ஒருநாள் டீ குடித்துக்கொண்டே கேட்டார்: "கேஜை ஆஃப் பண்ணி நோக்கினியா?"

வெற்றிடத்தை அளக்கிற கருவிக்குள் ஒரு இழை சிவந்து எரியும். கலத்துக்கு உள்ளேதான் அது இருக்கிறது. என் 'இருட்டு' அறையில் நானே ஒரு விளக்கை ஏற்றி வைத்து மூன்று வாரம் இருட்டை அளந்திருக்கிறேன். கேஜை அணைத்தேன். புத்தகம் சொன்னபடி இறங்கியது. அப்பாவுக்கு இரண்டாவது கடிதம் எழுதவில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பொத்தானை அமுக்குகிற வேலை என்று டெஸ்டிங்கை நினைக்கிறவர்கள் அந்தப் பொத்தான் பக்கம் போனதே இல்லை. சில்லைச் சோதிக்கிறோம் என்று நினைத்து நம் கலத்தை, நம் ஒயரை, நம் மின்சாரத்தைச் சோதித்துக்கொண்டிருப்போம். எது சில்லின் குணம், எது நம் கோளாறு என்று பிரித்தெடுக்கத்தான் படித்த ஆள் வேண்டும். அதைக் கணினித் திரையில் கற்க முடியாது. சிமுலேஷனில் யாரும் கேஜை எரியவிட்டு மறப்பதில்லை.

அடுத்ததைச் சொல்லக் கொஞ்சம் தயக்கம். நாற்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது, சொல்கிறேன். இன்னொரு சில்லை வெப்ப-வெற்றிடச் சோதனையில் சூடாக்கி, குளிர வைத்து, சூடாக்கி ஓட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது சுற்றுக்குப் பிறகு ஒரே ஒரு பிக்சலின் இருட்டுக் கணக்கு ஏறியது. இந்த முறை கேஜை அணைத்து, ஒயரை மாற்றி, இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் லாக் புக்கில் எழுதினேன். மேலதிகாரி பார்த்தார். "2,048-ல் ஒன்றுதானே? சராசரி எவ்வளவு?" சராசரி வரம்புக்குள்தான் இருந்தது. இருக்காதா பின்னே? இரண்டாயிரம் நல்ல பிக்சலோடு ஒரு கெட்டதைச் சேர்த்துச் சராசரி போட்டால் அது எங்கே தெரியும்! அறிக்கையில் "சராசரி வரம்புக்குள் உள்ளது" என்று எழுதச் சொன்னார். நான் வாதாடினேன். துடைப்பத்தால் தரையைப் பெருக்குவது போல இந்த ஒற்றை வரிசை பூமியைப் பெருக்கிக்கொண்டே போகப்போகிறது. அதில் ஒரு ஈர்க்கு கெட்டுப்போனால் படம் நெடுக, காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரு கோடு விழும் என்றேன். "ட்ரெயினி ட்ரெயினியாக இரு" என்றார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. தலைக்கு மேல் தேதி தொங்கிக்கொண்டிருந்தது. நான் அவர் சொன்னபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். லாக் புக்கில் எழுதியதை மட்டும் அடிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து கேமராவோடு சேர்த்துச் சோதித்தபோது அதே பிக்சல் கோடு கிழித்தது. கழற்றி, மாற்றி, மறுபடி முதலிலிருந்து எல்லாச் சோதனையும். தப்பியது தரையிலேயே தெரிந்ததால். இறுதி அறிக்கையில் கோளாறு "ஒருங்கிணைப்புச் சோதனையின்போது கண்டறியப்பட்டது" என்று இருந்தது. லாக் புக்கில் என் கையெழுத்தில் இரண்டு மாதம் முந்தைய தேதி இருந்ததைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அந்தக் கையெழுத்தைப் போட்டிருக்கக் கூடாது என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

இது ஏதோ நம் ஊர் வழக்கம் என்று நினைக்க வேண்டாம். ஹப்பிள் தொலைநோக்கியின் கதை எல்லோருக்கும் தெரியும்: 1990 ஏப்ரலில் மேலே போனது, படம் மங்கலாக வந்தது. 2.4 மீட்டர் கண்ணாடியின் விளிம்பு தேவைக்கு மேல் 2.2 மைக்ரான் தட்டையாகிவிட்டது. கண்ணாடியைத் தேய்க்கும்போது அளந்த கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தது. பலருக்குத் தெரியாதது என்னவென்றால், வேறு சோதனைகளில் கோளாறு முன்பே தெரிந்தது. அந்தச் சோதனைகள் அவ்வளவு துல்லியமானவை அல்ல, பெரிய கருவி சொல்வதே சரி என்று ஒதுக்கிவிட்டார்கள். பிறகு நாசா அமைத்த விசாரணைக் குழு இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்ச் சரிசெய்யும் வரை, மூன்றரை வருஷம் அந்தக் குறையோடுதான் ஓட்டினார்கள். சோதனை நடக்காததால் வந்த வினை இல்லை இது. நடந்த சோதனையை மதிக்காததால் வந்தது.

சரி, தலைமையாசிரியரின் கேள்விக்கு வருகிறேன். கணினியே எல்லாம் சொல்லிவிடாதா?

சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கி, நம் சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கியது, 1999 ஜூலை 23-ல் மேலே போனது. சில்லுகளைச் சுற்றிக் கதிர்வீச்சிலிருந்து காக்கக் கவசம் இருந்தது. பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சுப் பட்டையைத் தாண்டும்போது ஆற்றல் குறைந்த புரோட்டான்கள், கவசத்தைத் துளைக்கச் சக்தியில்லாதவை, முன்பக்கக் கண்ணாடிகளில் சறுக்கி நேராகக் குவியத்துக்கு வந்து விழுந்தன. எக்ஸ் கதிர் வருகிற அதே வழி. மூன்றடிச் சுவர் எழுப்பிவிட்டு வாசல் கதவைத் திறந்து வைத்த கதை. கணக்குப் போட்டவர்கள் சுவரை மட்டும்தான் கணக்கில் வைத்திருந்தார்கள். செப்டம்பரில் பார்க்கும்போது பத்தில் எட்டுச் சில்லுகளில் எலக்ட்ரான் திருட்டு ஏறிக்கிடந்தது. மீதி இரண்டு தப்பின. அவை பின்பக்கம் ஒளி வாங்கும்படி அமைந்தவை. எலக்ட்ரான் கைமாறும் பாதை சிலிக்கானின் அடுத்த முகத்தில் ஆழமாக இருந்தது, பலவீனமான புரோட்டான் அவ்வளவு தூரம் போகாது.

பிறகு என்ன செய்தார்கள்? பூமியில் இருந்த அதே வகைச் சில்லுகளை எடுத்துப் புரோட்டான் கற்றையில் காட்டி, சேதமாக்கி, அளந்தார்கள். அதாவது மறுபடி டெஸ்டிங். அது சொன்ன விடையோடு மேலே நடந்தது பொருந்தியது. அன்றிலிருந்து இன்றுவரை பட்டையைத் தாண்டும்போதெல்லாம் அந்தக் கேமராவைக் குவியத்திலிருந்து நகர்த்தி ஒளித்து வைக்கிறார்கள். மென்பொருளாலும் படத்தைத் திருத்துகிறார்கள். இருபத்தைந்து வருஷம் தாண்டியும் தொலைநோக்கி வேலை செய்கிறது.

சிமுலேஷன் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு சில்லை ஐந்து வருஷம் விண்வெளியில் விட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் ஏவ முடியாது. கையா விண்கலத்தில் 106 சில்லுகள், மொத்தம் ஏறக்குறைய நூறு கோடிப் பிக்சல். நட்சத்திரங்களின் இடத்தை அளப்பதுதான் அதன் பிழைப்பாக இருந்தது. வால் முளைத்தால் இடம் நகரும், கலமே வீண். ஆகவே ஏவுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சேதப்படுத்திய சில்லுகளைச் சோதித்து, அந்த எண்களை வைத்துச் சிமுலேஷன் செய்தார்கள். பறக்கும்போது குறிப்பிட்ட இடைவெளியில் வேண்டுமென்றே கொஞ்சம் எலக்ட்ரானை உள்ளே செலுத்தவும் ஏற்பாடு செய்தார்கள். திருட்டுக் கைகளுக்கு முதலிலேயே ஒரு பிடி கொடுத்து நிரப்பிவிட்டால் அடுத்துவரும் சட்டியில் கை வைக்க மாட்டார்கள் அல்லவா! 2013 டிசம்பர் 19-ல் போனது. மேலே போய்ப் பார்த்தால் சேதம் கணித்ததைவிட வெகுவாகக் குறைவு. நல்ல செய்திதான். ஆனாலும் கணிப்புக்கும் நடப்புக்கும் இவ்வளவு தூரம் இருந்தது என்று அளந்து பார்த்தவர்தான் சொல்ல முடிந்தது.

நூர்ட்வைக்கிலும் இந்த இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள். ஐரோப்பிய விண்வெளி அமைப்பும் ஐரோப்பியத் தெற்கு வானாய்வகமும் சேர்ந்து 'பிக்செல்' என்று ஒரு மென்பொருள் எழுதியிருக்கிறார்கள். ஒளி விழுவதிலிருந்து எண்ணாக வெளிவருவது வரை சில்லின் ஒவ்வொரு கோளாறையும் தனித்தனியாகச் சேர்த்தும் விலக்கியும் பார்க்கலாம். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், விலை இல்லை. நான் இறக்கிப் பார்த்தேன்; பாதி புரிந்தது. ஒரு பிக்சலை மட்டும் நானாகக் கெடுத்துவிட்டு என்ன ஆகிறதென்று பார்த்தேன். என் காலத்தில் இது இருந்திருந்தால் மேலதிகாரியிடம் துடைப்பக் கதை சொல்லாமல் காஷ்மீர்க் கோட்டையே படமாகக் காட்டியிருப்பேன். ஆனால் எந்தப் பிக்சல் கெட்டது, எவ்வளவு கெட்டது என்ற எண்ணை அந்த மென்பொருளுக்கு ஒருவர் கொடுத்தாக வேண்டும். இருட்டு அறையில் உட்கார்ந்தவர்தான் கொடுக்க முடியும்.

எனக்கு உண்மையான கோபம் அண்ணாச்சி மேல் இல்லை. அவர் பாவம், வங்கியில் ட்ரெயினி என்றால் லெட்ஜர் தூக்குகிறவன். எனக்குக் கோபம் இந்த வேலையைத் தெரிந்தே கீழே வைக்கிறவர்கள் மேல். எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். கட்டுரை எழுதினால் விஞ்ஞானி. கட்டுரைக்கு எண் கொடுத்தவன் ட்ரெயினி. ஓராண்டு முடிந்து, எந்த ஒயர் எப்போது இரைச்சல் போடும் என்று அவன் கைக்குப் பழகுகிற நேரத்தில் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டு, அடுத்த புது ஆளை மறுபடி கேஜில் தொடங்க வைக்கிறார்கள். கேட்டால் பட்ஜெட் என்பார்கள். ஏவுகிற செலவோடு ஒப்பிட்டால் ஒரு ட்ரெயினியை இன்னும் இரண்டு வருஷம் வைத்துக்கொள்கிற செலவு மோருக்கு உப்பு. சோதித்தவரின் பெயரும் அவர் எழுதிய குறிப்பும் அறிக்கையில் அப்படியே இருக்க வேண்டும். மேலே உள்ளவர் ஒப்பவில்லையென்றால் ஏன் ஒப்பவில்லை என்று அவரும் கீழே எழுதிக் கையெழுத்துப் போடட்டும். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

அண்ணாச்சியிடமிருந்து நம்பர் வாங்கி நேற்றுப் பேத்தியிடம் பேசினேன். தமிழ் நன்றாகவே பேசுகிறாள். கேஜ் கதையைச் சொன்னேன், சிரித்தாள். பிறகு, "தாத்தா, லாக் புக் எல்லாம் இப்ப கம்ப்யூட்டர்லதான். எழுதினதை யாராவது மாத்தினா தெரியுமா?" என்று கேட்டாள். யார் எப்போது மாற்றினார்கள் என்று பதிவாகும்படி வைத்திருக்கிறார்களா என்று போன முதல் நாளே விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். விசாரித்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னாள். நம் மாலை ஆறரை மணிக்கு அங்கே பிற்பகல் மூன்று. அண்ணாச்சியையும் அன்றைக்கு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், அல்வாவோடு.